பொருளாக வரும் பரிசு

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டிகளில் பரிசைப் பணமாகத் தராமல் பொருளாகத் தரும் வழக்கம் பழையது. 1963-இல் என்.பி.சி.யில் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' அதையே ஆட்டத்தின் உயிராக்கியது. கைக்கு வந்ததை வைத்துக்கொள்வதா, திரைக்குப் பின்னால் இருப்பதற்கு மாற்றிக்கொள்வதா என்று தொகுப்பாளர் மாண்டி ஹால் கேட்பார். திரை விலகினால் புதுக் காரும் நிற்கலாம், கழுதையும் நிற்கலாம். கேலிக்காக வைக்கப்படும் கழுதை வகைப் பரிசுக்கு அங்கே 'ஸாங்க்' என்று பெயர்.

இந்த முறை வெற்றி பெற்றதில் வியப்பில்லை. இதில் ஜெயிக்கப் படிப்பு வேண்டாம். துணிச்சலும் அதிர்ஷ்டமும் போதும். 1950-களில் சில வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது அம்பலமானது. விடையே இல்லாத ஆட்டத்தில் அந்த மோசடிக்கு வேலையில்லை. காரைக் கண்டதும் போட்டியாளர் துள்ளுவதை ஒரு காசோலையால் வரவழைக்கவும் முடியாது. விளம்பரத்துக்காக நிறுவனங்கள் பொருள்களை இலவசமாகவோ மலிவாகவோ தருவதால் தயாரிப்பாளருக்கும் செலவு மிச்சம்.

சிக்கல் வென்றவருக்குத்தான். அமெரிக்காவில் பரிசும் வருமானமே; பொருளின் சந்தை மதிப்புக்கு அவர் கைக்காசிலிருந்து வரி கட்ட வேண்டும். அந்த மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் வழக்கே வந்தது. 1948-இல் ஒருவர் வானொலிப் போட்டியில் நியூயார்க்கிலிருந்து பியூனஸ் அய்ரஸ் போய்வர இரண்டு முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட்டுகளை வென்றார். விலை 2,220 டாலர். அவர் வருமானமாகக் காட்டியது 520. வரித்துறை முழு விலையையும் கணக்கில் சேர்த்தது. காசு கொடுத்து அவர் வாங்கியிருக்கக்கூடிய பொருளல்ல இது, ஆகவே அவருக்கு அதன் மதிப்பு கடை விலைக்கு ஈடாகாது என்று 1954-இல் வரி நீதிமன்றம் கருதி, 1,400 டாலர் என முடித்தது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று தீர்ப்பில் தேடினால் கிடைக்காது. ஆனால் அதன் தர்க்கம் சரியானது. தனக்கு வேண்டாத படகை வென்றவருக்கு, மேடையில் அறிவிக்கும் விலை வெறும் எண்தான்.

இந்தியச் சட்டத்திலும் போட்டிப் பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு. பரிசு முழுவதும் பொருளாக இருந்தால், வரி கட்டிய பிறகே அதைக் கையில் கொடுக்கலாம்.

பொருள் வேண்டாதவருக்கு ஈடாகப் பணம் தந்தால் பெரும்பாலான குறை தீரும். ஆனால் அப்போது இலவசப் பொருளால் வரும் மிச்சம் போய்விடும் என்பதால் தயாரிப்பாளர்கள் பொதுவாக அதற்கு இடம் தருவதில்லை. கழுதையை வென்றவருக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு: படப்பிடிப்பு முடிந்ததும் அதற்குப் பதிலாக ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகலாம்.