பெயர்களால் ஆன சுவர்

வொஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் யுத்த நினைவுச்சுவரை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். இறந்தோர் அனைவரதும் பெயர் இருக்க வேண்டும், யுத்தம் பற்றிய அரசியல் கருத்து இருக்கக் கூடாது என்பன போட்டியின் நிபந்தனைகள். 1,421 வடிவங்களில் தெரிவானது 21 வயது மாணவி மாயா லின்னுடையது. கறுப்புக் கருங்கல்லில் 58,000க்கும் அதிகமான பெயர்கள். பதவி இல்லை, இறந்த திகதியே ஒழுங்கு. ஒரே நாளில விழுந்தவங்க பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க.

இது வீரர்களை அவமதிக்கிறது என்று சிலர் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, 1984இல் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலை அருகே வந்தது. சிலை நல்ல வேலைதான். ஆனா அதில் வருவது பொதுவான சிப்பாய். சுவரில் இருப்பது இன்னாரின் மகன். யுத்தம் சரியா பிழையா என்ற வழக்கைச் சுவர் பேசவே இல்லை. அதனால்தான் யுத்தத்தை எதிர்த்தவரும் அங்கே தலைகுனிய முடிகிறது.

குறையும் உண்டு. அதே யுத்தத்தில் மாண்ட இலட்சக்கணக்கான வியட்நாமியருக்கு அங்கே இடமில்லை. மரியாதை நாட்டு எல்லையோடு நின்றுவிட்டால், வெளியே விட்ட அரசியல் பின்கதவால வந்திடும்.