இயங்கு இணையத்தளக் கல்வி: ஹார்வாட் பாடநெறிகள் இரண்டு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நூல்கள் விமர்சிக்கப்படுகின்றன, நாடகங்கள் விமர்சிக்கப்படுகின்றன, பாடநெறியோ பரீட்சையோடு மறக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும் எதனை முதலிற் சொல்வது, எதனை இறுதிக்கு ஒதுக்குவது, எதனைச் சொல்லாமலே விடுவது என்னும் தெரிவுகளால் ஆக்கப்படுவது என்ற வகையில், பாடநெறியும் விமர்சனத்துக்குரிய பனுவலே. பல நாட்டு மாணவர் வகுப்பறைக்கு வெளியேயிருந்தும் இலவசமாகப் பார்த்துப் பயிலக்கூடியதாக அது ஒளிப்பதிவு செய்யப்பட்டிருப்பின் இக்கூற்று மேலும் வலுப்பெறும். ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் கோடைகாலப் பள்ளியில் 2012ஆம் ஆண்டு டேவிட் மலன் நடத்திய ‘இயங்கு இணையத்தளங்களை ஆக்குதல்’ என்னும் பாடநெறி இத்தகையது.

இயங்கு இணையத்தளம் என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்ட பக்கத்தை அவ்வாறே நீட்டுவதன்று. கேட்பவர் யார், கேட்டது யாது என்பவற்றுக்கேற்பத் தரவுத்தளத்திலிருந்து வேண்டியவற்றை எடுத்து, அக்கணத்திலே பக்கத்தை உருவாக்கித் தருவது அது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எச்.பி. மொழியும் அதே ஆண்டிற் தோன்றிய மைஎஸ்கியூஎல் தரவுத்தள முறைமையும் இவ்வேலைக்கு உலகெங்கும் இணையாகப் பயன்பட்டன. இவ்விரண்டையும் கற்பிக்கும் பாடநெறிகளுக்குக் குறைவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை மொழியின் இலக்கணத்திலே தொடங்கி, படிவமொன்றை நிரப்பி அட்டவணையொன்றிற் சேர்க்கும் பயிற்சியோடு முடிந்துவிடுவன. மலனின் பாடநெறி அவ்வாறு தொடங்கவில்லை என்பதே அதன் முதற் சிறப்பு.

அதன் தொடக்க விரிவுரை எந்தவொரு நிரல் மொழியையும் பற்றியதன்று. உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான உரையாடல் விதியாகிய எச்.ரி.ரி.பி. பற்றியது. அவ்விதிக்கு நினைவு இல்லை. ஒரு கேள்விக்கு விடை தந்ததும் கேட்டவரைச் சேவையகம் மறந்துவிடும்; அடுத்த கேள்வி அந்நியர் ஒருவரின் கேள்வியாகவே அதற்குத் தோன்றும். இம்மறதியை ஈடுசெய்தற்காகவே 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே ‘குக்கி’ உருவாக்கப்பட்டது. அமர்வு, உள்நுழைவு, பொருட்கூடை முதலாய யாவும் இந்த ஒரு குறையினின்றும் கிளைத்தவை. குறையை அறிந்த மாணவருக்கு அவற்றின் தேவை தானே விளங்கும். அறியாதவருக்கோ அவை மனனம் செய்ய வேண்டிய சூத்திரங்களாகவே எஞ்சும்.

பயிற்சிப் பணிகளின் அமைப்பும் கவனத்துக்குரியது. முதலாவது, பீட்சாக் கடையொன்றின் விலைப்பட்டியலை எக்ஸ்.எம்.எல். வடிவிலே அமைத்து, அதனைக்கொண்டு கட்டளை பெறும் தளமொன்றை ஆக்குவது. அது பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அடுத்து வருவதே பாடநெறியின் உயிர்நிலை எனலாம்: பங்குகளை வாங்கி விற்கும் தளமொன்றை மாணவர் தரவுத்தளத்தின்மீது கட்ட வேண்டும். பணம் பொய்ப்பணமே, ஆனால் பிரச்சினை மெய்யானது. ஒருவரின் கணக்கிலே 10,000 டொலர் இருக்கின்றது எனக் கொள்வோமாயின், அவர் இரண்டு உலாவிச் சாளரங்களைத் திறந்து, 8,000 டொலர் பெறுமதியான பங்குகளை இரண்டிலும் ஒரே கணத்தில் வாங்க முயலலாம். நிரலின் இரு ஓட்டங்களும் மீதியை வாசிக்கின்றன; இரண்டுமே 10,000 எனக் காண்கின்றன; இரண்டுமே அனுமதிக்கின்றன. ஒவ்வோர் ஓட்டமும் தனித்தனியே சரியானது. இரண்டும் சேர்ந்த விளைவே பிழையானது. வகுப்பறையில் ஒருவராக இருந்து பரிசோதிக்கும் மாணவரின் கண்ணுக்கு இப்பிழை ஒருபோதும் படாது.

இதற்கு விடையாகக் ‘கொடுக்கல் வாங்கல்’ என்னும் தரவுத்தளக் கோட்பாடு அமைகின்றது: வாசிப்பும் கழிப்பும் சேர்ப்பும் பிரிக்கவியலாத ஒரே செயலாகப் பூட்டப்படும், யாவும் நிகழும், அன்றேல் ஒன்றும் நிகழாது. ஆயின் மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்புப் பொறியாகிய மைஐசாமுக்கு இவ்வாற்றல் இல்லை. அதன்கீழ் அமைந்த அட்டவணையிலே கொடுக்கல் வாங்கலைத் தொடங்குமாறு கட்டளையிட்டாலும் அது மறுப்பதில்லை, பூட்டாமலே ஏற்றுக்கொள்ளும். தான் பாதுகாக்கப்பட்டிருப்பதாக மாணவர் நம்பிக்கொள்வார். 2010ஆம் ஆண்டில் வெளியான 5.5ஆம் பதிப்பிலேயே இன்னோடிபி இயல்பான பொறியாயிற்று. பணம் தொடர்பான பணியொன்றைப் பயிற்சியாகத் தெரிந்தமை இத்தகைய நுட்பங்களை மாணவர் தட்டிக்கழிக்க முடியாதவாறு செய்கின்றது. விருந்தினர் கருத்தேடு, நாட்குறிப்பு ஆகியவற்றையே பயிற்சியாகக் கொடுக்கும் பாடநெறிகளால் இது இயலாது.

இறுதி விரிவுரை பயனாளர் பெருக்கத்தை ஒரு தளம் தாங்கும் முறை பற்றியது. பாடநெறியின் எஞ்சிய பகுதியை அறியாதவர்களும் இவ்விரிவுரையை மட்டும் தேடிப் பார்ப்பதுண்டு. ஆனால் தனியே பார்க்கும்போது அதன் பொருளிற் பாதி இழக்கப்படுகின்றது. அமர்வை இலகுவாகத் திறக்கும் ஒரு வரியை மாணவர் முன்னரே எழுதிப் பழகியவர். அவ்வரி அமர்வின் தகவலை அந்த ஒரு சேவையகத்தின் கோப்பொன்றிலேயே எழுதுகின்றது. இரண்டாவது சேவையகம் ஒன்று சேர்க்கப்பட்டு, கேள்விகள் இரண்டுக்கும் பகிரப்படும்போது, முதலாவதில் உள்நுழைந்தவரை இரண்டாவது அறியாது. இலகுவான வரியொன்றின் உள்ளே ‘உலகில் ஒரு சேவையகமே உண்டு’ என்னும் எடுகோள் மறைந்திருந்தமை அப்போதே வெளிப்படுகின்றது. முன்னர் கற்றதை இறுதியிலே மறுவாசிப்புக்கு உட்படுத்தும் இவ்வமைப்பு நல்ல நாவலின் அமைப்பை ஒத்தது.

எனினும் பாதுகாப்புப் பற்றிய விரிவுரையின் இடம் ஏற்கத்தக்கதன்று. அது இறுதிக்கு முந்தியதாகவே வருகின்றது. அதற்குள் மாணவரின் கை ஒரு வழக்கத்துக்குப் பழகிவிட்டிருக்கும். பயனாளர் தட்டச்சுச் செய்ததை எஸ்.கியூ.எல். கட்டளையோடு அப்படியே ஒட்டிவிடும்போது, தரவாக வந்தது கட்டளையின் பகுதியாக மாறக்கூடும். ஒரேயொரு மேற்கோட் குறி இதற்குப் போதும். தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ‘இடைச்செருகல்’ எனக் குறிப்பதற்கு இது மிக நெருங்கியது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவரின் சொற்கள் மூலத்தோடு கலந்துவிட்டால், எது மூலம், எது செருகல் எனப் பிற்காலத்தவர் தடுமாறுவர். தரவுத்தள முறைமையோ தடுமாறுவதும் இல்லை. செருகலை மூலமாகவே ஏற்று நிறைவேற்றிவிடும். கட்டளையின் அமைப்பை முதலில் அனுப்பி, பெறுமானங்களைப் பின்னர் வேறாக அனுப்பும் முறையே இதற்கான பரிகாரம். இது எஸ்.கியூ.எல். கற்பிக்கப்படும் முதல் மணித்தியாலத்திலேயே, அதனை எழுதும் ஒரே முறையாகப் பயிற்றப்பட வேண்டியது.

இது வெறும் கற்பித்தல் ஒழுங்கு பற்றிய வாதம் என ஒதுக்கிவிட முடியாது. இடைச்செருகல் முறை 1998ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக விளக்கப்பட்டுவிட்டது. பதினேழு ஆண்டுகளின் பின்னர், 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில், பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோக்ரோக்கின் வாடிக்கையாளர் 156,959 பேரின் விபரங்கள் அதே வழியாற் களவாடப்பட்டன. அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனத்துக்கு 400,000 பவுண் தண்டம் விதித்தார். அறிவு இருந்தது, அது பழக்கமாகவில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை காலம் விரைந்து தீர்ப்பளித்துவிட்டது. பங்கு விலைகளைப் பெறுதற்கு மாணவர் நம்பியிருந்த யாகூ நிறுவனத்தின் இலவசச் சேவை 2017ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஹார்வாட்டிலே பின்னர் பிரையன் யூ நடத்திய பாடநெறி பைதன் மொழியையும் ஜாங்கோ என்னும் சட்டகத்தையும் கைக்கொண்டது. அதன் 2020ஆம் ஆண்டு வடிவத்தை முன்னையதோடு ஒப்பிடுதல் பயனுடையது. சட்டகமே கட்டளைகளை ஆக்கிக் கொடுப்பதால் இடைச்செருகல் அபாயம் பெரிதும் குறைகின்றது. நிரலைப் பரிசோதித்தல் பற்றிய தனி விரிவுரையும் சேர்ந்துள்ளது. இவை வளர்ச்சிகளே. ஆனால் எச்.ரி.ரி.பி. பற்றிய தொடக்க விரிவுரை மறைந்து, அவ்விடத்தைப் பக்க வடிவமைப்புப் பெற்றுக்கொண்டது. பாதுகாப்போ இன்னமும் இறுதி விரிவுரையிலேயே, அதுவும் பயனாளர் பெருக்கத்தோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றது. பழைய பாடநெறியை முடித்தவர் தம் தளம் ஏன் இயங்குகின்றது என்பதைச் சொல்லக்கூடியவர். புதியதை முடித்தவர் அதனினும் சிறந்த தளமொன்றைக் கட்டக்கூடியவர். இவ்விரண்டும் ஒன்றல்ல.

இரு பாடநெறிகளுக்கும் பொதுவான குறை மொழி சார்ந்தது. அவற்றின் உதாரணங்களில் வாழும் எழுத்துகள் ஆங்கில எழுத்துகள்; ஓர் எழுத்து ஒரு பைற்று என்னும் எண்ணம் அங்கே எவரையும் இடறுவதில்லை. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் ஆறு. ஒருங்குறியிலே அது பதினொரு குறியீடுகள், யூ.ரி.எப்.-8 முறையிலே 33 பைற்றுகள். பி.எச்.பி.யின் சாதாரண நீளச் சார்பு 33 என்றே விடை தரும். தலைப்பொன்றை 20 பைற்றோடு வெட்டினால் ‘யாழ்ப்’ என்பதையடுத்துச் சிதைந்த குறியொன்று தோன்றும். மைஎஸ்கியூஎல்லோ 2018ஆம் ஆண்டில் 8.0ஆம் பதிப்பு வரும்வரை இலத்தீன் எழுத்துத் தொகுதியையே இயல்பாகக் கொண்டிருந்தது. கவனியாது அமைத்த அட்டவணையிலே தமிழ் வெறும் கேள்விக் குறிகளாகச் சேமிக்கப்பட்டது. குறியீட்டெண் வரிசையிலே ஒழுங்குபடுத்தினால் ழகரம் வகரத்துக்கு முன்னும் னகரம் பகரத்துக்கு முன்னும் வருவதால், ‘கழகம்’ ‘கவிதை’யை முந்தும், ‘கனவு’ ‘கபில’ரை முந்தும். ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேகரித்துவரும் நூலகம் வலைத்தளம் பி.எச்.பி.யில் எழுதப்பட்ட மீடியாவிக்கியின் மீதே நிற்பதை நினைந்தால், இவற்றைச் சில்லறைக் குறைகள் எனக் கருத இயலாது. நூற்பட்டியலிலே தன் இடத்தில் இல்லாத நூல் தேடுபவருக்கு இல்லாத நூலே.

பெயர்களின் நிலை இன்னும் நுட்பமானது. கார்த்திகேசு சிவத்தம்பி என்னும் பெயரில் முன்னது தந்தையின் பெயர், பின்னதே அவருடையது. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு நிரல்களைக் கொண்ட அட்டவணை இப்பெயரை ஏற்கும். ஆனால் தந்தையை மகனாகவும் மகனைக் குடும்பமாகவும் ஆக்கியே ஏற்கும். 2020ஆம் ஆண்டுப் பாடநெறியின் ஏல விற்பனைத் தளப் பயிற்சியிலே, பயனாளருக்கான வகுப்பு உடலற்ற ஒன்றாகவே மாணவரிடம் கொடுக்கப்படுகின்றது. வேண்டியதெல்லாம் ஜாங்கோவின் மூல வகுப்பிலிருந்து மரபுரிமையாக வந்து சேரும். மாணவர் ஒரு சொல்லும் எழுதாமலே அட்டவணை உருவாகும்போது, அதில் அவ்விரு நிரல்களும் ஏற்கெனவே இருக்கும்.