சிறைக்கட்டணமும் சுவிசேஷமும்: ஜான் ஹோவார்டின் நூலை முன்வைத்து

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலைகுறித்து ஜான் ஹோவார்டு 1777இல் வெளியிட்ட நூல், போதகர் இன்றும் வாசிக்கத்தக்கது. 1773இல் பெட்போர்டு மாவட்ட ஷெரீப்பாகப் பொறுப்பேற்ற அவர், குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டோரும் சிறைக்காப்பாளருக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமையால் மீண்டும் அடைக்கப்படுவதைக் கண்டார். காப்பாளருக்கு ஊதியமில்லை, கைதிகளே அவர் வருவாய். ஊதியம் வழங்குமாறு ஹோவார்டு வேண்டியபோது, நீதிபதிகள் முன்மாதிரி கேட்டனர். அதைத் தேடி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றவர், அங்கும் அதே அநீதியையே கண்டார்.

நூலின் வலிமை உணர்ச்சியுரையில் இல்லை. சிறைதோறும் அவர் நேரில் கண்டு குறித்த விவரங்களில் உள்ளது. ஆயினும் கட்டணத்தை அவர் நிர்வாகச் சீர்கேடாகவே பெரிதும் காண்கிறார். தண்டனை கடனாக மாறுவதன் பொருளை ஆழ்ந்து ஆராயவில்லை.

விடுவிக்கப்பட்டோர்மீதான கட்டணத்தை 1774ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. ஆனால் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சிறைச்செலவைக் கைதியிடமே வசூலிக்க இன்றும் சட்டமுண்டு. இல்லினாய் மாநிலம் 2019இல் அதனைக் கைவிட்டது. குற்றவாளியே செலவை ஏற்கட்டும் என்பது நியாயமாகத் தோன்றலாம். எனினும் நீதிமன்றம் விதித்த காலம் முடிந்த பின்னும் இக்கடன் அவனைத் தொடர்கிறது. கட்டுண்டிருந்த பவுலோ, ஒநேசிமு கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் ஏற்க முன்வந்தார். சிறை ஊழியத்திற்குச் செல்லும் மாணவர், ஹோவார்டின் நூலைப் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தோடு சேர்த்து வாசிப்பது நலம்.