நிகழ்தகவும் வெக்டரும்: ஒரே பயிற்சி இரண்டுக்கும் போதுமா?

தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதப் பாடநூலில் வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள் ஆறாவது அத்தியாயம். நிகழ்தகவுப் பரவல்கள் பதினொன்றாவது. இரண்டுக்கும் பிளஸ் ஒன்னிலேயே அடித்தளம் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் மாணவர்கள் படிக்கும் விதமும் ஒன்றுதான். எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்பது, அதே சாயலில் பயிற்சிக் கணக்குகளைப் போடுவது, கடைசியில் விடைப் பக்கத்தைப் புரட்டுவது. வெக்டரில் இது ஓரளவு கைகொடுக்கிறது. நிகழ்தகவில் அடிக்கடி காலை வாருகிறது. அப்போது பழி மாணவர் தலையிலோ ஆசிரியர் தலையிலோ விழுகிறதே தவிர, பயிற்சியின் அமைப்பை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதலில் இந்தப் பயிற்சியின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மார்க் வினாக்கள் 20. இரண்டு, மூன்று, ஐந்து மார்க் வினாக்கள் வகைக்கு ஏழு. மூன்று மணி நேரத்தில் 41 விடைகள் எழுத வேண்டும் என்றால் கை பழகியிருக்கத்தான் வேண்டும். குறுக்குப் பெருக்கத்தை விரிக்கும்போது நடு உறுப்பின் குறி மாறுமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். sin(A+B) விரிவை வெக்டர் முறையில் நிறுவுவது, முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று காட்டுவது போன்றவற்றைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த மாணவருக்குத் தேர்வறையில் ஒரு தைரியம் இருக்கும். முழு விடை வராவிட்டாலும் ஸ்டெப் மார்க் கிடைக்கும். வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு இது சின்ன உதவி இல்லை.

வெக்டருக்கு இன்னொரு வசதியும் உண்டு: விடையை விடையே சோதித்துக் காட்டிவிடும். (2,0,0), (0,3,0), (0,0,6) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் தளத்தின் சமன்பாடு 3x+2y+z=6 என்று வந்தால், மூன்று புள்ளிகளையும் பிரதியிட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். மூன்று முறையும் 6 வந்தால் சரி. ஒரு கோட்டுக்குச் செங்குத்து என்று சொன்ன வெக்டர் உண்மையிலேயே செங்குத்துதானா என்பதைப் புள்ளிப் பெருக்கம் சொல்லிவிடும். ஆகவே, தனியே உட்கார்ந்து சம் போடும் மாணவர்கூடத் தன் தவற்றைத் தானே பிடிக்க முடியும்.

அப்படியும் வெக்டர் பயிற்சியில் ஓர் ஓட்டை இருக்கிறது. மூன்று புள்ளிகள் வழியே தளம் காணும் ஐந்து மார்க் கணக்கை மனப்பாடமாகப் போடும் மாணவரிடம் (1,2,3), (2,4,6), (3,6,9) என்று கொடுத்துப் பாருங்கள். அணிக்கோவையை விரித்து 0=0 என்று முடித்துவிட்டுத் திகைத்து நிற்பார். மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோட்டின் வழியே எண்ணற்ற தளங்கள் செல்லும். ‘ஒரே கோட்டில் அமையாத’ என்ற நிபந்தனையைப் பாடத்தில் அவர் பலமுறை வாசித்திருப்பார். ஆனால் போட்ட கணக்குகள் எல்லாம் அதை நிறைவேற்றியே வந்ததால் அதற்கு வேலை இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. படம் வரையாமல் சூத்திரத்தை மட்டும் ஓட்டுவதன் விளைவு இது.

நிகழ்தகவுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். இங்கே தவறான விடையும் சரியான விடையைப் போலவே 0க்கும் 1க்கும் நடுவே கண்ணியமாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன? பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில் 2/3 என்றார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே வாய்ப்புகள் என்பது அவர் வாதம். மூன்றும் சமவாய்ப்பு உடையவை அல்ல. சரியான விடை 3/4. அவ்வளவு பெரிய அறிஞரை வழுக்கிவிட்ட இடம், கூட்டல் பெருக்கலில் இல்லை. கூறுவெளியை வகுப்பதில் இருந்தது. நம் பயிற்சிக் கணக்குகள் குறைவாகத் தொடுவதும் இந்த இடத்தைத்தான். ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ என்ற தலைப்பின்கீழ் வரும் கணக்கில் பெருக்க வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பேயீஸ் தேற்றத்தின்கீழ் வரும் கணக்கில் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம். தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வகைவகையாகப் பிரித்து, மற்றொன்றுக்குக் கலந்து. பயிற்சியின்போது பிரித்துப் படித்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் கணக்கு தலைகீழானது: பிரித்துப் படித்தவர்கள் 20, கலந்து படித்தவர்கள் 63. பயிற்சி நேரத்தில் தடுமாறாமல் போவதையே தேர்ச்சி என்று நம்பும் நம் வழக்கத்தை இந்த எண்கள் கேள்விக்குள்ளாக்குகின்றன.

கலப்பது என்றால் வினாக்களைக் கண்டபடி குலுக்கிப் போடுவது என்று பொருளில்லை. ஒரே பையை எடுத்துக்கொள்வோம்: சிவப்புப் பந்து 5, கறுப்பு 3. ஒவ்வொன்றாக இரண்டு பந்துகள் எடுக்கிறோம். முதல் பந்தைத் திருப்பிப் போட்டால் இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு 25/64. திருப்பிப் போடாவிட்டால் 5/14. திருப்பிப் போடாமல், முதல் பந்தைப் பார்க்காமலே இரண்டாவதை எடுத்தால் அது சிவப்பாக இருக்க வாய்ப்பு? பலரும் எதிர்பாராத விடை: 5/8, முதல் பந்துக்கு உள்ள அதே வாய்ப்பு. இரண்டாவது சிவப்பு என்று தெரிந்தபின் முதலாவதும் சிவப்பாக இருந்திருக்க வாய்ப்பு? 4/7. எண்கள் மாறவே இல்லை. வாக்கியம் மட்டும் மாறுகிறது. பத்து வெவ்வேறு பைகள் கற்றுத்தராத ஒன்றை இந்த ஒரு பை கற்றுத்தரும்.

பேயீஸ் தேற்றத்துக்கு எத்தனை நாள்தான் தொழிற்சாலை இயந்திரங்களையும் பழுதான பொருள்களையுமே கட்டிக்கொண்டு இருப்பது? நூற்றில் ஒருவருக்கு உள்ள நோய். நோயாளிகளில் 90 சதவீதத்தினரையும், நோயில்லாதவர்களில் தவறுதலாக 5 சதவீதத்தினரையும் ‘நோய் உண்டு’ என்று காட்டும் பரிசோதனை. அப்படி முடிவு வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் குத்துமதிப்பாகச் சொல்லச் சொல்ல வேண்டும். 90க்குப் பக்கத்தில்தான் பலரும் நிற்பார்கள். பத்தாயிரம் பேரை வைத்து எண்ணினால், நோயுள்ள 100 பேரில் 90 பேர், நோயற்ற 9,900 பேரில் 495 பேர். 585இல் 90, அதாவது சுமார் 15 சதவீதம். சூத்திரம் எதற்கு என்பது அந்த இடைவெளியில்தான் புரியும்.

ஈருறுப்புப் பரவலுக்குத் தேர்வுத்தாளே பயிற்சி. இருபது ஒரு மார்க் வினாக்களையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் எதிர்பார்க்கத்தக்கது 5. பத்தோ அதற்கு மேலோ சரியாக அமைய வாய்ப்பு நூற்றில் ஒன்றரைகூட இல்லை.

ஆகவே பயிற்சிக் கணக்குகளைக் குறைக்கத் தேவையில்லை; நோக்கத்துக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். வெக்டரில் பாதியைக் கை பழகவும், மீதியைப் படம் வரைந்து நிபந்தனையைச் சோதிக்கவும் ஒதுக்கலாம். நிகழ்தகவில் விடையைக் கேட்குமுன் கூறுவெளியை எழுதச் சொல்ல வேண்டும்; அதற்குத் தனி மதிப்பெண்ணும் தர வேண்டும். பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் அடுத்த முறை தலைப்புகளை நீக்கிவிட்டு, இரண்டு அத்தியாயங்களின் கணக்குகளையும் கலந்து கொடுத்துப் பார்க்கட்டும். வகுப்பின் சராசரி மதிப்பெண் முதலில் இறங்கத்தான் செய்யும். அதைக் கண்டு பின்வாங்காமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை.