பூட்டு ஊரிலிருந்து ஒரு சாவிப் புகார்

நான் பி.காம். கெமிஸ்ட்ரியோடு என் உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: தனிம வரிசை அட்டவணை.

ரொம்ப சுலபம் சார். சோடியம் முதல் தொகுதி (தேர்தல் தொகுதி இல்லை!). ஆகவே வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான். குளோரின் 17-வது தொகுதி. பத்தைக் கழித்தால் ஏழு. எட்டுக்கு ஒன்று குறைகிறதே என்று தவிக்கிறவனுக்கு, கையில் ஒன்று வைத்திருப்பவன் கொடுத்துவிடுகிறான். சமையல் உப்பு ரெடி. பற்று ஒன்று, வரவு ஒன்று, கணக்கு டேலி. என் மூளைக்கே புரிந்தது.

இந்த அத்தியாயத்தைத்தான் என்.சி.இ.ஆர்.டி. 2023-ல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தூக்கியது. பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம். 'அதான் பதினொன்றில் இருக்கிறதே' என்று சமாதானம் வேறு. இருக்கிறது, சயின்ஸ் குரூப் எடுப்பவனுக்கு. காமர்ஸ் பக்கம் ஒதுங்குகிறவனுக்குப் பத்தாம் வகுப்புதானே கடைசி பஸ்?

2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. சபாஷ்! ஆனால் இருந்தால் மட்டும் போதுமா? எனக்குப் பாடம் எடுத்தவர்கள் கழித்தல் வித்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். அட்டவணையின் நடுப்பகுதியில் அந்த வித்தை பலிக்காது என்று யாரும் சொல்லவில்லை.

திண்டுக்கல்லுக்கு வந்து பாருங்கள். பூட்டுக்கு இரும்பு, தோல் பதனிடக் குரோமியம். இரண்டுமே அந்த நடுப்பகுதி ஆசாமிகள். குரோமியம் 6-வது தொகுதி. தோல் ஷாப்பில் போடும் உப்பில் அது மூன்று எலக்ட்ரான்களைக் கைவிட்ட நிலையில் இருக்கிறது. ஆறையும் விட்டால் ஆளே மாறி, புற்றுநோய் தரும் நஞ்சாகிவிடுகிறது. ஒரே தனிமம், இரண்டு குணம்.

தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை இந்தச் சமவெளிக் கிராமங்களுக்குப் பழசு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சரி, அந்த மொத்தத்தில் 'மூன்று' எவ்வளவு, 'ஆறு' எவ்வளவு? இதைக் கேட்கவேண்டியவர் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி அல்ல. பஞ்சாயத்துத் தலைவர், பாங்க் கிளார்க், என்னைப்போல் ஒரு பி.காம். நிருபர்.

அட்டவணை ஒரு சாவி. அதைப் பிடுங்காதீர்கள். கொடுக்கும்போது, எந்தப் பூட்டுக்குச் சேராது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.