மியூடூவை என்ன செய்யலாம்?

பலசாலியாக இருப்பது குற்றமா? கோர்ட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், போக்கிமான் ஆடுகிறவர்கள் இந்தக் கேள்வியை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தீவிரமாக விவாதித்து, ஓட்டெடுப்பு நடத்தி, தீர்ப்பு எழுதி, எழுதின தீர்ப்பைத் திருத்திக்கொண்டும் இருக்கிறார்கள். சில பார்லிமென்ட்டுகளைவிடப் பொறுப்பாக.

‘அது குழந்தைங்க பார்க்கற கார்ட்டூனாச்சே, மஞ்சக் கலர்ல ஒரு எலி வருமே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த எலிக்கு அடியில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

1996 பிப்ரவரியில் ஜப்பானில் ‘கேம்பாய்’ என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்த விளையாட்டு இது. உருவாக்கிய சதோஷி தஜிரி, சின்ன வயசில் பூச்சி பிடித்துச் சேகரித்தவர். அந்தப் பைத்தியத்தைத்தான் விளையாட்டாக்கினார். முதலில் 151 ஜந்துக்கள். இன்று ஆயிரத்துக்கு மேல். இவற்றில் ஆறைப் பொறுக்கி, எதிராளியின் ஆறுடன் மோதவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரைக் குடித்துவிடும். எல்லோரையும் ஜெயிக்கக்கூடிய வகை என்று ஒன்று கிடையாது. குறைந்தபட்சம் திட்டம் அதுதான்.

ஆக, ஆட்டத்தில் பாதி, ஆடுவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. எந்த ஆறு என்பதில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த முதல் 151-ல் மியூடூ என்று ஒரு ஆசாமி. கதைப்படி மரபணுக்களை வெட்டி ஒட்டி விஞ்ஞானிகள் தயாரித்தது. கதையை முடித்தபிறகுதான் ஒரு குகையில் அகப்படும். அகப்பட்டதும் விளையாட்டே தலைகீழ். ‘ஸ்பெஷல்’ என்ற சக்தியில் மியூடூவுக்கு 154 புள்ளி. அடுத்த இடத்தில் இருப்பதற்கு 135. வேகத்தில் 130, அதைவிட வேகமானது ஒன்றே ஒன்றுதான். போதாததற்கு, ஒரே மூச்சில் தன் ஸ்பெஷலை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் வித்தையும் பாதி உயிரை மீட்டுக்கொள்ளும் வித்தையும் அதற்குத் தெரியும். முதல் பதிப்பில் ஸ்பெஷல் என்பது தாக்குதல், தற்காப்பு இரண்டுக்கும் ஒரே எண். வாளும் கேடயமும் ஒரே சமயத்தில் இரட்டிப்பு என்றால் எப்படி இருக்கும்?

சரி, இதற்கு மாற்று என்ன? மியூடூ சைக்கிக் வகை. பூச்சிக்கும் பேய்க்கும்தான் சைக்கிக் பயப்படும் என்று விளையாட்டுக்குள்ளேயே வசனம் வருகிறது. பூச்சித் தாக்குதல்கள் மொத்தமே மூன்று, மூன்றும் கொசுக்கடி ரகம். பேய்? ப்ரோகிராம் எழுதும்போது நேர்ந்த ஒரு தவறால் பேய்த் தாக்குதல் சைக்கிக் மேல் பலிக்கவே பலிக்காது! அதாவது மருந்துக் கடையில் இரண்டே மருந்து. ஒன்று காலாவதி, இன்னொன்று வெறும் டப்பா.

1999-ல் ஜப்பானில் வந்த அடுத்த பதிப்பில் ஸ்பெஷலை இரண்டாகப் பிரித்தார்கள். சைக்கிக் பருப்பு வேகாத ‘டார்க்’ என்ற புது வகையையும் கொண்டுவந்தார்கள். அதுவரை? 2000-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘போக்கிமான் ஸ்டேடியம்’ விளையாட்டில் ஒரு கோப்பையில் மியூடூவுக்கு அனுமதி இல்லை, இன்னொரு கோப்பையில் உண்டு. தடையை முதலில் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள் இல்லை, கம்பெனியே.

இங்கே ஒரு கெட்டிக்கார ஆட்சேபணை. ‘ரெண்டு பேரும் மியூடூ வச்சுக்கலாமே, அப்ப சமம்தானே? செஸ்ல ராணி கூடத்தான் எல்லாத்தையும்விட பலசாலி. யாராவது தடை பண்ணாங்களா?’

நல்ல கேள்வி. ஆனால், செஸ்ஸில் உங்கள் படையை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பதினாறும் போர்டிலேயே வந்துவிடுகிறது. ராணி பலசாலியாக இருப்பதால் குதிரைக்கு வேலை போய்விடுவதில்லை. போக்கிமானில் அப்படி இல்லை. மியூடூவை அனுமதித்த மறுநிமிஷம் எல்லோர் கையிலும் மியூடூ. அடுத்த இரண்டு இடம் எதிராளியின் மியூடூவைச் சமாளிக்க. மிச்சம் மூன்று. 151 ஜந்துவில் நூற்று நாற்பது, பெட்டியைவிட்டு வெளியே வராது. சமம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. நான் தடையை ஆதரிப்பது இதனால்தான். தடை என்பது பலசாலிக்குத் தண்டனை இல்லை. மற்றவர்களுக்கு வேலை வாய்ப்பு.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு 2016 சாட்சி. போக்கிமான் கம்பெனி நடத்தும் உலகப் போட்டியில் சில வருஷங்கள் மட்டும் இந்தப் பெருந்தலைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். 2010, 2016, 2019, 2022-ல் அணிக்கு இரண்டு வரை அனுமதி. 2016-ல் க்ரௌடான், செர்னியஸ் என்ற இரண்டு ராட்சதர்களும், அவர்களுக்கு எடுபிடியாக நான்கு பேரும் கொண்ட ஓர் அணி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி முளைத்தது. அதற்கு ‘பிக் சிக்ஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுநூறுக்கு மேல் ஜந்துக்கள் இருந்த காலத்தில், திரும்பத் திரும்ப அதே ஆறு பேர்!

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த வருஷம் ஸான்ஃப்ரான்சிஸ்கோவில் உலக சாம்பியனான அமெரிக்கர் வுல்ஃப் க்ளிக், ‘பிக் சிக்ஸை’ வைத்து ஜெயிக்கவில்லை. கயோக்ர், ரேக்வாசா என்ற வேறு இரண்டு ராட்சதர்களை வைத்து ஜெயித்தார். மாற்று இருக்கத்தான் இருந்தது, தேடுகிறவருக்கு. ஆனால், கவனியுங்கள். இரண்டு யானைகளுக்கு மாற்று, வேறு இரண்டு யானைகள். ஆடுகளோ அணில்களோ அல்ல.

அணில் என்றதும் 2014 ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் பெருந்தலைகளுக்கு அனுமதி கிடையாது. வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க், பச்சிரிசு (பச்சரிசி என்று படிக்காதீர்கள்) என்ற மின்சார அணிலைக் கொண்டுவந்தார். எல்லா சக்தியும் சேர்த்து மொத்தம் 405 புள்ளி. மியூடூவுக்கு இப்போதைய கணக்கில் 680. பார்க் அதை அழகுக்காகக் கொண்டுவரவில்லை. எதிரியின் அடிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மின்சாரத் தாக்குதலை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் கூட்டாளி நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கலாம். சாம்பியன் ஆகிவிட்டார்! மேலிடத்துப் பெரியவர்கள் அரங்கில் இருந்திருந்தால் இந்த அணில் அணிக்குள்ளேயே வந்திருக்காது என்பது என் கட்சி.

எனவே எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமா? அவசரம் வேண்டாம். டேவிட் ஸர்லின் என்கிற விளையாட்டு வடிவமைப்பாளர் ‘ப்ளேயிங் டு வின்’ என்ற புத்தகத்தில் இந்த மனோபாவத்தைக் கடுமையாகச் சாடுகிறார். தோற்றவன் எல்லாம் ‘அது சீப்பான டெக்னிக்’ என்று அழுதால் ஆட்டம் வளராது, முதலில் பதிலைத் தேடு என்கிறார். தடை என்றால் அதை அமல்படுத்த முடியவேண்டும், எல்லை தெளிவாக இருக்கவேண்டும், உண்மையிலேயே அவசியமாக இருக்கவேண்டும். அவரே ஏற்றுக்கொள்ளும் அபூர்வ உதாரணம் 1994-ன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பதிப்பில் வரும் அக்குமா. அவரோடு மற்றவர்களை மோதவிடுவதே வீண் வேலை.

ஸர்லின் சொல்வது பாதிக்கு மேல் சரி. சிக்கல் எங்கே என்றால், ‘ரொம்ப பலம்’ என்பது எப்போதும் பார்த்ததும் தெரிகிற மாதிரி வருவதில்லை. வாபஃபெட் என்று ஒரு நீல மூட்டை இருக்கிறது. தானாக அடிக்கத் தெரியாது. வாங்கின அடியை இரட்டிப்பாகத் திருப்பிக்கொடுக்கும், அவ்வளவுதான். பார்த்தால் பாவமாக இருக்கும். 2002-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு எதிராளியின் நிழலைப் பிடித்துக்கொள்ளும் குணத்தைக் கொடுத்தார்கள். அகப்பட்டால் ஆளை மாற்ற முடியாது. இரண்டு வாபஃபெட்கள் நேருக்கு நேர் சந்தித்து, இரண்டிடமும் கொஞ்சம் கொஞ்சமாக உயிரூட்டும் பண்டம் இருந்துவிட்டால் தொலைந்தது. ஒன்றையொன்று கொல்லவும் முடியாது, விலகவும் முடியாது. பாட்டரி தீரும்வரை ஆட்டம் முடியாது. அடுத்த பதிப்பில் கம்பெனி இதைச் சரி செய்தது. அதற்குமுன் ரசிகர்கள் மூட்டையைத் தூக்கி மியூடூ பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இந்த ரசிகர் கூட்டத்துக்கு ‘ஸ்மோகான்’ என்று பெயர். 2004-ல் ஆரம்பித்தது. சம்பளமில்லாத வேலை. ஜந்துக்களைப் பயன்பாட்டை வைத்துத் தட்டு தட்டாகப் பிரிப்பார்கள். தாங்க முடியாதவை ‘ஊபர்’ என்ற மேல்தட்டுக்குப் போய்விடும். ஒன்றின் மேல் சந்தேகம் வந்தால் சோதனைக் காலம் வைத்து, அந்தச் சமயத்தில் ஆடி ஒரு குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்களுக்கு மட்டும் ஓட்டு. இப்போது தடை செய்ய 60 சதவீதம் வேண்டும். வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஓட்டில்லை, கம்பெனிக்கும் இல்லை. ஜனநாயகமா இது என்று கேட்கலாம். ஆடாதவன் போடும் ஓட்டைவிடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இவர்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது கார்ச்சோம்ப் கேஸ். 2006-ல் அறிமுகமான சுறா முக டிராகன். அதன் வேகம் 102. என்ன பெரிய வேகம் என்பீர்கள். அந்தக் காலத்து நட்சத்திரங்களில் பலருக்குச் சரியாக 100! இரண்டே புள்ளி வித்தியாசத்தில் அத்தனை பேரையும் முந்திக்கொண்டு அடித்தது. மணல் புயல் வீசினால் எதிராளியின் அடி சில சமயம் குறி தவறும். பனிதான் எமன், ஆனால் ஒரு பழத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த அடியும் பாதியாகிவிடும். தடை செய்தார்கள். அடுத்த பதிப்பிலும் முதலில் தடைதான். பிறகு யோசித்தார்கள். எரிச்சலூட்டுவது டிராகனா, மணலில் ஒளியும் குணமா? அந்தக் குணத்தை மட்டும் தடை செய்துவிட்டு டிராகனை விடுதலை செய்தார்கள். 2013-ல் டிராகன் தாக்குதல் பலிக்காத ‘ஃபேரி’ வகை வந்தபின் கார்ச்சோம்ப் இன்னும் சாது. 2014-ல் பச்சிரிசுவோடு அதே அணியில் உலகக் கோப்பை ஜெயித்ததும் ஒரு கார்ச்சோம்ப்தான்.

கிரிக்கெட்டில் இதே நடந்திருக்கிறது. 1932-33-ல் பிராட்மனை அடக்க, ஜார்டின் லெக் சைடில் ஆட்களைக் குவித்து, லார்வுட்டை உடம்பைக் குறிவைத்துப் போடச்சொன்னார். பாடிலைன். பிற்பாடு சட்டத்தில் லார்வுட்களைத் தடை செய்யவில்லை, வேகத்தையும் தடை செய்யவில்லை. லெக் சைடில் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று 1957-ல் விதி வந்தது. வேகப்பந்து பிழைத்தது, பேட்ஸ்மேனும் பிழைத்தார். தடை என்பது இப்படித்தான் இருக்கவேண்டும். மூட்டைப்பூச்சிக்காகக் கட்டிலைக் கொளுத்தக்கூடாது.

கம்பெனி ஏன் இதையெல்லாம் முதலிலேயே சரியாகச் செய்வதில்லை? காரணம் சுலபம். இரண்டாம் பதிப்பிலிருந்து பெட்டியின் அட்டைப்படத்தில் வருவதே பெரும்பாலும் இந்தப் பெருந்தலைகள்தான். அட்டையில் போட்ட ஹீரோ அடிவாங்கினால் பையன்கள் காசு கொடுப்பார்களா? விற்பதற்கு மியூடூ வேண்டும், ஆடுவதற்கு மியூடூ இல்லாமல் இருக்கவேண்டும். இந்த முரண்பாட்டின் உச்சம் 2014-ல் வந்த மெகா ரேக்வாசா. மொத்தம் 780 புள்ளி. மற்ற மெகாக்கள் உருமாற ஒரு கல்லைச் சுமக்கவேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம். தடை செய்யப்பட்டவர்களின் சொர்க்கமான ஊபரிலேயே இதைத் தாங்க முடியாமல், அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். அதற்கென்று ‘எது வேண்டுமானாலும்’ என்ற பொருளில் ஒரு புதுத் தட்டு உண்டாக்கவேண்டியதாயிற்று.

இதில் கவனிக்கவேண்டியது, எந்தத் தடையிலும் யாரையும் அழிக்கவில்லை. மியூடூவை வைத்து ஆட ஆசைப்படுகிறவனுக்கு, மியூடூ வைத்திருக்கும் இன்னொருவனோடு ஆட ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பல மணி நேரம் செலவழித்து வளர்த்தவனுக்கும் மரியாதை, எளிய அணிலை வளர்த்தவனுக்கும் மரியாதை.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ‘எதிர் வீட்டு கார்த்திக் எப்பப் பார்த்தாலும் மியூடூவையே இறக்கறான்’ என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தால், ‘விளையாட்டுதானே, விடு’ என்று சொல்லாதீர்கள். ‘ஒரு வாரம் அதுக்கு மாற்று தேடிப் பாரு. கிடைக்கலைன்னா ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ரூல் போடுங்க. ஒரு மாசம் கழிச்சு அந்த ரூல் சரியான்னு திரும்பப் பாருங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

கார்த்திக் ஒப்புக்கொள்வானா என்பது வேறு விஷயம். மியூடூ வைத்திருப்பவர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.