நன்றிக் கடிதம்

சில்வியா பிளாத் என்றதும் நமக்குக் கணவரும் தற்கொலையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மரணத்திலிருந்து பின்னோக்கி வாசித்தே பழகிவிட்டோம். மாணவியாகவும் ஆசிரியராகவும் அவர் இருந்த ஒரே கல்லூரியிலிருந்து அவரை வாசித்தால் என்ன என்று தோன்றியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நார்தாம்ப்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது ஸ்மித் கல்லூரி. சோஃபியா ஸ்மித் என்ற பெண் எழுதிவைத்த உயிலால் உருவாகி, 1875இல் வகுப்புகள் தொடங்கிய பெண்கள் கல்லூரி. எட்டு வயதில் தந்தையை இழந்த பிளாத், 1950இல் உதவித்தொகையில் அங்கே சேர்ந்தார். தொகையை வழங்கியவர் ஆலிவ் ஹிக்கின்ஸ் ப்ரௌட்டி என்ற நாவலாசிரியர். பிறகு, செலவைக் குறைக்க மாணவிகளே விடுதி வேலைகளைச் செய்யும் லாரன்ஸ் இல்லத்துக்கு பிளாத் மாறினார்.

1963இல் புனைபெயரில் வெளிவந்த 'தி பெல் ஜார்' நாவலில் கல்லூரிக்குப் பெயரில்லை. உதவித்தொகை பெறுபவள் அதைக் கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். எஸ்தரும் எழுதுகிறாள், விருந்துக்கு அழைப்பு வருகிறது. பின்னாளில் அவள் தற்கொலைக்கு முயன்று பிழைத்தபோது, அதே பெண்மணியின் செலவில், அவருடைய காரில், தனியார் மருத்துவமனைக்குப் போகிறாள். நன்றியோடு இருக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் எதையும் உணர முடியவில்லை. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறாள். நாவலின் தலைப்பான படிமம் விரிவது இந்த இடத்தில்தான். மனநோயின் படிமமாக மட்டுமே அதைப் பாடம் நடத்திவந்த நான், அது நன்றிக்கடனின் பக்கத்தில் பிறந்திருப்பதை இந்த வாசிப்பில்தான் கவனித்தேன். கொடையாக வரும் படிப்பு மதிப்பெண்ணோடு முகமலர்ச்சியையும் சேர்த்துக் கேட்கிறது. சோர்ந்துபோகும் உரிமைகூட அவளுக்கு இல்லை.

இந்த நாவலை முழுதாகக் கொண்டாடவும் முடியவில்லை. இதற்கு முந்தைய மருத்துவமனையில், உணவு கொண்டுவரும் கறுப்பினப் பணியாளரை எஸ்தர் காலால் உதைக்கிறாள். பிரதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கடந்துபோகிறது. மேலே இருப்பவருக்குப் பட்ட கடனில் மூச்சுமுட்டுகிறவளுக்கு, தனக்குப் பரிமாறுகிறவரின் கை தெரியவில்லை. சாதிச் சமூகத்தில் வாசிக்கிற நாம் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

1955இல் பிளாத் பட்டம் பெற்ற விழாவில் பேசிய அரசியல்வாதி அட்லாய் ஸ்டீவன்சன், மனைவியாகவும் தாயாகவும் இருந்து நாட்டுக்கு ஆற்றும் பணியை அப்பெண்களுக்கு எடுத்துச் சொன்னார். 1957இல் பிளாத் அதே கல்லூரிக்கு ஆங்கில ஆசிரியராகத் திரும்பினார். தாளைத் திருத்தி, பாடத்தைத் தயாரித்து, எழுத நேரமில்லாமல் தவித்ததை நாட்குறிப்புகளில் பார்க்கலாம். ஓராண்டில் வேலையை விட்டார். கொடுத்த இடத்தையே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அதே 1957இல், அக்கல்லூரியின் பழைய மாணவி பெட்டி ஃப்ரீடன் தன் வகுப்புத் தோழிகளிடம் கேள்விகள் கொடுத்துப் பதில் வாங்கினார். அங்கிருந்து தொடங்கியதுதான் 1963இல் வந்த 'த ஃபெமினின் மிஸ்டிக்'.

அந்த நாட்குறிப்புகளை நான் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே படித்தேன். நானும் உதவித்தொகையில் படித்தவள். நான் வேலைபார்த்த ஒரு கல்லூரியில் ஆண்டுதோறும் கொடையாளர் விழா நடக்கும். மாணவிகள் மேடையேறி நன்றி சொல்ல வேண்டும். தமிழ் ஆசிரியர் என்பதால் உரையை எழுதித் தருவது என் பொறுப்பு. “ஏழைக் குடும்பத்தில் பிறந்த எனக்கு” என்று தொடங்கும் வாக்கியம் நான் எழுதியதுதான்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அப்பா என்ன வேலை செய்றாருன்னு மேடையில சொல்லணுமா?”

“சொன்னா நல்லாருக்கும்மா” என்றேன்.

சொன்னாள். கைதட்டினார்கள். இறங்கி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. எஸ்தரின் காரில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு எழுதித் தர மறுத்தேன். வேறொருவர் எழுதித் தந்தார். விழா வழக்கம்போல் நடந்தது. அந்த முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள்.